24 பிட் எங்கே தொலைந்தது?

தூத்துக்குடியில் இன்று கேமரா வைத்திருக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பனிமய மாதா திருவிழா, திரேஸ்புரத்து மீன் ஏலம், பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏற்றுவது, சங்கு குளிக்கக் கிளம்பும் படகு என்று எதையும் விடுவதில்லை. படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சத்தம்தான் தகராறு. “அண்ணாச்சி, 24 பிட்டுலதான் எடுத்தேன், எடிட்டிங்ல 16னு காட்டுது”, “32 பிட் ஃபைலப் போட்டா வெறும் இரைச்சலா வருது”, “பாதிக்கு மேல உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்” என்று வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. தொடங்குகிறவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன். ஓரளவு பழகியவர்கள் 3, 6 இரண்டையும் மட்டும் படித்துவிட்டுப் போகலாம்.

1. எத்தனை பிட் என்று பெருமை பேசும் முன் எதைப் பதியப்போகிறீர்கள் என்று பாருங்கள்.

ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபல் என்பது கணக்கு. 16 பிட் என்றால் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடம் கிடைக்கும். 24 பிட் என்றால் 144. இது ஏட்டுக் கணக்குதான். கருவியின் மின்சுற்று எழுப்பும் இரைச்சலே கடைசிச் சில பிட்டுகளைத் தின்றுவிடும். நல்ல ரெக்கார்டர் 120 டெசிபலைத் தொட்டாலே பெரிய காரியம்.

பூட்டிய அறைக்குள் ஒருவர் உட்கார்ந்து ஒரே சீராகப் பேசுகிறார் என்றால் 16 பிட் போதும். நம் கரை அப்படிப்பட்டதல்ல. 200 மீட்டருக்குக் குறையாத நீளமுள்ள கப்பலின் ஊதுகுழல், 1 மீட்டர் தூரத்தில் 143 டெசிபல் ஒலிக்க வேண்டும் என்று கப்பல்கள் மோதாமல் தடுப்பதற்கான சர்வதேச விதிகள் சொல்கின்றன. அப்படி ஒரு கப்பல் வ.உ.சி. துறைமுகத்தை நெருங்கி ஊதும் நேரத்தில்தான், உங்கள் மைக்குக்கு முன்னால் ஒரு பெரியவர் வலையைப் பிரித்துக்கொண்டே முணுமுணுத்துக்கொண்டிருப்பார். இரண்டும் ஒரே பதிவில் வேண்டுமென்றால் 24 பிட் வைத்துக்கொள்ளுங்கள்.

அது தரும் உண்மையான வசதி ஒன்றுதான்: லெவலைப் பயமில்லாமல் தாழ்த்தி வைக்கலாம். 16 பிட்டில் வேலை பழகிய எங்களுக்கு மீட்டரை மேலே தள்ளித் தள்ளி வைப்பது கைப்பழக்கமாகிவிட்டது. உங்களுக்கு அது வேண்டாம். சாதாரணப் பேச்சு -20 டெசிபல் பக்கத்திலும் உச்சம் -12ஐத் தாண்டாமலும் இருக்கட்டும். எடிட்டிங்கில் ஏற்றிக்கொள்ளலாம். பிட் பற்றாததால் வரும் கரகரப்பு அதில் இருக்காது.

2. 32 பிட் ஃப்ளோட் இருந்தால் மைக்கை மறந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

2019இல் ஜூம் எஃப்6, சவுண்ட் டிவைசஸ் மிக்ஸ்பிரீ இரண்டாம் வரிசை ஆகியவை வந்த பிறகு இந்தப் பேச்சு கிளம்பியது. இப்போது கைக்கு அடக்கமான ரெக்கார்டரிலும் வந்துவிட்டது. உள்ளே நடப்பது இதுதான். ஒரே மைக்கின் சத்தத்தை, மெல்லிய ஒலிக்கு ஒன்று, பெரிய ஒலிக்கு ஒன்று என இரண்டு மாற்றிகள் ஒரே நேரத்தில் அளக்கின்றன. இரண்டையும் இணைத்து, தசமப் புள்ளி நகரும் எண்ணாக எழுதிவைக்கிறார்கள். அந்த எண்ணின் எல்லை 1500 டெசிபலுக்கும் மேல். ஆகவே ஃபைலுக்குள் ஒலி முட்டிக்கொள்ள வழியே இல்லை. எடிட்டிங்கில் போட்டதும் அலையின் தலை வெட்டுப்பட்டது போலத் தெரியும். கிளிப்பின் கெயினை 20 டெசிபல் இறக்கினால் தலை முழுசாக இறங்கி வரும்.

ஆனால் ஃபைலுக்கு வெளியே நடப்பதற்கு ஃப்ளோட் பொறுப்பல்ல. திருவிழாக் கொடி ஏறுவது ஜூலை 26, பெருவிழா ஆகஸ்ட் 5. கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கும் மாதங்கள் அவை. காற்று மைக்கின் சவ்வையே அழுத்திப் பிடித்துவிட்டால் 32 அல்ல, 64 பிட் இருந்தாலும் பேச்சு திரும்பாது. முடி வைத்த காற்றுறையை முதலில் வாங்குங்கள், ரெக்கார்டரைப் பிறகு வாங்கலாம். அதேபோல் மைக் தாங்கும் உச்ச ஒலிக்கும் ஓர் அளவு உண்டு. அதன் தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

இன்னொன்று. ஃப்ளோட் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து வயர் இழுத்து கேமராவில் செருகிவிட்டு, கேமராப் பதிவை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். வயரில் போவது வெறும் மின்னலை. கேமரா அதைத் தன் கணக்கில், பெரும்பாலும் 16 பிட்டில், புதிதாக அளந்து எழுதும். ஃப்ளோட் வேண்டுமென்றால் ரெக்கார்டரின் கார்டில் இருக்கும் ஃபைலைத்தான் எடுக்க வேண்டும்.

3. எங்கெல்லாம் ஒலி கைமாறுகிறதோ அங்கெல்லாம் எண்ணுங்கள்.

துறைமுகத்தில் மூட்டை கப்பலிலிருந்து லாரிக்கும், லாரியிலிருந்து குடோனுக்கும் மாறும் ஒவ்வோர் இடத்திலும் டாலி கிளார்க் நின்று எண்ணுவார். குடோனில் நான்கு மூட்டை குறைந்தால் கப்பலையே குற்றம் சொல்லமாட்டார்கள். எந்த இரண்டு டாலிக்கு நடுவே குறைந்தது என்று பார்ப்பார்கள். பிட்டும் அப்படித்தான். மைக், இன்டர்ஃபேஸ், டிரைவர், பதியும் மென்பொருள், ஃபைல், டைம்லைன், எக்ஸ்போர்ட் என்று ஏழு இடத்தில் கை மாறுகிறது. ஏதாவது ஓர் இடத்தில் 16 ஆகிவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் எத்தனை இடத்தில் 24 என்று தேர்ந்தெடுத்தாலும் இழந்தது திரும்பாது. நான் பார்த்தவரை தப்பு நடக்கும் இடங்கள் இவைதான்:

இன்டர்ஃபேஸ். விலை குறைந்த யுஎஸ்பி மிக்சர்களில் பல 16 பிட்டுக்கு மேல் கணினிக்குக் கொடுப்பதில்லை. பெட்டியின் மேல் எழுதியிருப்பதை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் தாளைப் படியுங்கள்.

விண்டோஸ். சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் அந்த மைக்கின் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தைத் திறந்து, 24 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்று மாற்ற வேண்டும். மேக்கில் இதே வேலைக்கு ‘ஆடியோ மிடி செட்டப்’. நீங்கள் மாற்றவில்லை என்றால் அது தானாக மாறாது.

ஆடாசிட்டி. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். டிராக்கின் தலையில் ‘32 பிட் ஃப்ளோட்’ என்று எழுதியிருக்கும். அது ஆடாசிட்டி தனக்குள் வைத்துக்கொள்ளும் கணக்கு. விண்டோஸில் ஒலி வரும் வழியாக ‘எம்எம்இ’ தேர்வாகி இருந்தால் உள்ளே வருவது 16 பிட்தான். ‘வாசாபி’ என்று மாற்றினால்தான் 24 வரும். வெளியே எடுக்கும்போதும் வேவ் ஃபைலுக்கு முதலில் 16 தான் தேர்வாகி இருக்கும். நீங்கள்தான் 24 என்று மாற்ற வேண்டும்.

ஓபிஎஸ். இதன் உள்கணக்கும் ஃப்ளோட்தான். ஆனால் எதையும் தொடாமல் ‘ரெக்கார்ட்’ அழுத்தினால் ஒலியை ஏஏசி ஆகச் சுருக்கி எழுதும். ஏஏசி ஃபைலில் பிட் டெப்த் என்ன என்று கேட்பதற்கே பொருளில்லை. 24 வேண்டுமென்றால் ஒலிக்கு பிசிஎம் 24 பிட்டையும், உறைக்கு எம்கேவி அல்லது மூவ் வடிவத்தையும் தேர்ந்தெடுங்கள். எம்பி4 உறைக்குள் பிசிஎம் வைத்தால் சில பிளேயர்களில் படம் ஓடும், சத்தம் வராது. பிறகு ஸ்பீக்கரைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

எஃப்எஃப்எம்பெக். கட்டளை எழுதத் தெரிந்த பிள்ளைகள் இதில் விழுகிறார்கள். 24 பிட் வீடியோவிலிருந்து வேவ் பிரித்தெடுக்கும்போது, எந்த பிசிஎம் என்று சொல்லாவிட்டால் அது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 16 பிட் எழுதிவிடும்.

பிரீமியர். கிளிப்பின் பிராப்பர்ட்டீசைத் திறந்தால் இரண்டு வரி இருக்கும். மூல ஒலியின் வடிவம் ஒரு வரி, புராஜெக்டின் ஒலி வடிவம் ஒரு வரி. இரண்டாவது வரியில் எப்போதும் 32 பிட் ஃப்ளோட் என்றுதான் போட்டிருக்கும், நீங்கள் வாட்ஸ்அப் குப்பையைப் போட்டாலும் கூட. முதல் வரியைப் படியுங்கள்.

4. சீட்டில் எழுதியதை அப்படியே நம்பாதீர்கள்.

மீடியாஇன்ஃபோ என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது. ஃபைலை அதில் போட்டால் பிட் டெப்த், சாம்பிள் ரேட், சேனல் எல்லாம் சொல்லும். இது முதல் படி. ஆனால் அது சொல்வது ஃபைலின் தலைப்பில் எழுதியிருப்பதை. 16 பிட் ஒலியை 24 பிட் ஃபைலாகச் சேமித்தால் தலைப்பில் 24 என்றுதான் இருக்கும். அடியில் உள்ள 8 பிட்டும் வெறும் பூஜ்யம். சாக்ஸ் என்ற பழைய கருவியின் ‘ஸ்டாட்ஸ்’ கட்டளை உண்மையில் எத்தனை பிட் வேலை செய்கிறது என்று எண்ணிச் சொல்லும். 16/24 என்று வந்தால் வழியில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். மூன்றாவது அறிவுரைக்குத் திரும்பிப் போங்கள்.

5. பழைய கல்யாணக் கேசட்டுக்கு 24 பிட் வேண்டாம்.

விஎச்எஸ் கேசட்டைக் கணினியில் ஏற்ற விர்ச்சுவல்டப் போன்ற பழைய மென்பொருளில் 24 பிட் வரவில்லை என்று சிலர் கவலைப்படுகிறார்கள். விஎச்எஸ் ஓரத் தடத்தின் ஒலிக்கு 16 பிட் தாராளம். அந்தக் கவலையை விட்டுவிட்டு, டேப் ஓடும் தலையை ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். உப்புக் காற்றில் பூஞ்சை பிடித்த கேசட்டைத் துடைக்காமல் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

6. இரைச்சல் என்றால் எந்த இரைச்சல் என்று பிரித்துக் கேளுங்கள்.

ஃபைலைத் திறந்ததும் பேச்சே இல்லாமல் காது கிழியும் இரைச்சல் மட்டும் வந்தால் பதிவு கெட்டுவிடவில்லை. முதலில் ஸ்பீக்கரை இறக்குங்கள். வேவ் ஃபைலின் தலைப்பில் உள்ளே இருப்பது என்ன வகை என்று ஓர் எண் இருக்கும். சாதாரண பிசிஎம் 1, ஃப்ளோட் 3, 24 பிட்டுக்கும் பல சேனல்களுக்கும் பயன்படுத்தும் நீட்டித்த தலைப்பு 65534. பழைய மென்பொருளுக்கு 1 மட்டும்தான் தெரியும். மற்றதைப் பார்த்தால் திறக்க மறுக்கும், அல்லது ஃப்ளோட் எண்களை முழு எண்களாக வாசித்துக் கத்தும். ஆடாசிட்டியில் ‘ரா டேட்டா’வாக இறக்கி 32 பிட் ஃப்ளோட், 48000, சரியான சேனல் எண்ணிக்கை என்று கொடுத்துப் பாருங்கள். பேச்சு கேட்டுவிட்டால், 24 பிட் பிசிஎம் ஆக ஒரு நகல் எடுத்து அதை எடிட்டிங்கில் போடுங்கள். அதற்கு முன் கெயினை இறக்கிவிட வேண்டும். 24 பிட்டில் உச்சத்துக்கு மேல் இடமில்லை, மிஞ்சியதெல்லாம் வெட்டுப்படும்.

‘டிக் டிக்’ என்று நடுநடுவே வெடித்தால் அதே இடத்தை மூன்று முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அதே நொடியில் வெடித்தால் ஃபைலிலேயே இருக்கிறது. இடம் மாறி மாறி வெடித்தால் ஃபைல் நன்றாக இருக்கிறது, உங்கள் லேப்டாப்தான் மூச்சு வாங்குகிறது. பஃபரைக் கூட்டுங்கள், பேட்டரி மிச்சப்படுத்தும் அமைப்பை நிறுத்துங்கள், பென்டிரைவிலிருந்து நேராக ஓட்டாதீர்கள். ஃபைலிலேயே இருந்தால் பெரும்பாலும் பதியும்போது பஃபர் பற்றவில்லை, அல்லது மைக் வயரின் முனை பச்சை பூத்திருக்கிறது. நம் ஊரில் இரண்டாவதற்கு வாய்ப்பு அதிகம். கரையிலிருந்து வந்த அன்றே முனைகளைத் துடைத்துவையுங்கள்.

சங்கு குளிக்கும் படகிலிருந்து நீருக்குள் மைக் இறக்குகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கடலடிப் பார் பக்கம் இறக்கினால் அடுப்பில் உப்புப் போட்டதுபோல் ஓயாமல் படபடவென்று கேட்கும். வயரை மாற்றுவார்கள், ரெக்கார்டரை மாற்றுவார்கள், போகாது. அது கொடுக்கைச் சொடுக்கும் சிறு இறால்களின் சத்தம். வெப்பக் கடல்களில் பாறையும் பவளமும் உள்ள இடமெல்லாம் இருக்கும். அதை நீக்க ஃபில்டர் தேடாதீர்கள். கடலுக்குள் அதுதான் ஊர்ச் சத்தம்.

7. உதடும் பேச்சும் விலகினால் பிட்டைக் குற்றம் சொல்லாதீர்கள்.

பிட் கூடினாலும் குறைந்தாலும் நேரம் மாறாது. நேரத்தைத் தீர்மானிப்பது சாம்பிள் ரேட். வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ். 44.1இல் பதிந்ததை மென்பொருள் 48 என்று நினைத்து ஓட்டினால் ஒரு மணி நேரப் பேச்சு 55 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் கீச்சென்றிருக்கும். இது காதிலேயே பிடிபடும்.

பிடிபடாதது மெதுவான விலகல். கேமராவும் ரெக்கார்டரும் தனித்தனிக் கடிகாரம் வைத்திருக்கின்றன. பத்து லட்சத்துக்கு 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்ட், அதாவது 25 ஃபிரேம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு ஃபிரேம் தள்ளிப்போகும். முழுத் திருப்பலியை ஒரே மூச்சில் எடுத்தால் முடிவில் இது தெரியும். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கைதட்டுங்கள். இரண்டு தட்டையும் பொருத்தி ஒலியை அந்த அளவுக்கு நீட்டலாம். போனில் எடுத்த படமென்றால் ஃபிரேம் எண்ணிக்கையே நிலையாக இருக்காது. அதை முதலில் நிலையான 25க்கு மாற்றிவிட்டு டைம்லைனில் போடுங்கள்.

வாணவேடிக்கையில் வெளிச்சத்துக்குப் பின் சத்தம் வருகிறதே என்று ஒரு தங்கச்சி ஒவ்வொரு வெடியையும் நகர்த்தி நகர்த்திப் பொருத்திக்கொண்டிருந்தது. நம் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். 350 மீட்டருக்கு அப்பால் வெடித்தால் 25 ஃபிரேம் தாமதம் இருக்கத்தான் வேண்டும். அதைச் சரிசெய்தால் கடற்கரையில் நின்று பார்த்தவர்களுக்குப் பொய்யாகத் தெரியும்.

8. நீளமான பதிவென்றால் 4 ஜிபி எல்லையை மனதில் வையுங்கள்.

48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ 24 பிட்டில் மணிக்கு 1 ஜிபிக்குச் சற்று மேல். 32 பிட் ஃப்ளோட் என்றால் 1.4 ஜிபி அளவு. ஆறு டிராக் ஃப்ளோட்டில் ஓடவிட்டால் ஒரு மணி நேரம் தாண்டியதுமே 4 ஜிபி வந்துவிடும். சாதாரண வேவ் ஃபைல் அதற்குமேல் வளராது. ரெக்கார்டர் அங்கே வெட்டி அடுத்த ஃபைலைத் தொடங்கும். பெயரை மாற்றாமல் வரிசையாக டைம்லைனில் ஒட்டவைத்தால் ஒரு சாம்பிள்கூட விடுபடாது. ‘ஆர்எஃப்64’ என்ற தேர்வு இருந்தால் ஒரே ஃபைலாக வரும். உங்கள் எடிட்டிங் மென்பொருள் அதைத் திறக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

நடுவில் பேட்டரி செத்து ஃபைல் 0 நொடி என்று காட்டினால், அந்தக் கார்டில் அதற்குமேல் எதையும் பதியாதீர்கள். தலைப்பு எழுதப்படவில்லை, அவ்வளவுதான். ஒலி உள்ளே இருக்கும். அதே ரெக்கார்டரில் திரும்பச் செருகினால் பல கருவிகள் தாமே சரிசெய்துவிடும்.

9. இறக்குவதைக் கடைசியில், ஒரே ஒருமுறை செய்யுங்கள்.

24இலிருந்து 16க்கு இறக்கும்போது டிதர் என்ற மிக மெல்லிய இரைச்சலைச் சேர்ப்பார்கள். மறையும் ஒலி கரகரக்காமல் இருக்க அது வேண்டும். ஆனால் ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டிலும் இறக்கி ஏற்றி இறக்கினால் அதுவே சேர்ந்துவிடும். வேலை முடியும்வரை 24 அல்லது ஃப்ளோட்டிலேயே இருங்கள். யூடியூபுக்குப் போகும் பிரதி எப்படியும் சுருக்கப்படும், அதற்காக மனம் உடைய வேண்டாம். நம் வானொலி நிலையத்தின் 1053 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் 4500 ஹெர்ட்சுக்கு மேல் பெரிதாக எதுவும் போவதில்லை. இலங்கைக் கரையில் உட்கார்ந்து கேட்டவர்கள் அதனால் கேட்காமல் இருந்துவிடவில்லை.

மூலத்தை மட்டும் இறக்காதீர்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அன்று மூழ்கியவர்களில் இன்று இருக்கிறவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டும் இயந்திரப் படகுகள் வந்தபின் வாயில் தங்காமல் போய்க்கொண்டிருக்கிறது. அவர்கள் குரல் தாழ்ந்திருக்கும், மூச்சு நடுவில் நிற்கும், திடீரென்று பழைய நினைவில் உரக்கப் பாடுவார்கள். 24 பிட்டின் தாழ்ந்த லெவல் வசதி இங்கேதான் முழுதாகப் பயன்படும். சட்டையில் குத்தும் மைக் ஒன்று, தள்ளி வைத்த மைக் ஒன்று, ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு அரை நிமிடம் வெறும் அறைச் சத்தம். எடுத்ததை இரண்டு டிஸ்கில் வையுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். ஃபைல் பெயரில் ஊர், தேதி, பேசியவர், எந்த மைக் என்பதைப் போட்டுவிடுங்கள்.

10. என்னிடம் வரும்போது வாட்ஸ்அப்பில் ஒலியை அனுப்பிவிட்டு “கேட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி” என்று கேட்காதீர்கள்.

அது அனுப்பும்போதே உங்கள் 24 பிட்டைச் சுருக்கிவிட்டது, எனக்கு வருவது உங்கள் வியாதி அல்ல. கார்டில் உள்ள ஃபைலை அப்படியே பென்டிரைவில் கொண்டுவாருங்கள். மீடியாஇன்ஃபோ சொன்னதை எழுதிக்கொண்டு வாருங்கள். எந்தெந்தக் கையெல்லாம் மாறியது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எழுதி முடிப்பதற்குள் பாதிப்பேர், “கிடைச்சிட்டு அண்ணாச்சி” என்று போன் செய்துவிடுகிறார்கள். மீதிப்பேர் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். பகலில் பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் ஓடும், எதுவும் கேட்காது.